மின்சாரம் எங்கே நிற்கிறது?

உள்ளே திறந்து பார்ப்போம் – 11

சார்ஜர் மாட்டியிருக்கிறது. பவர் பொத்தானை அழுத்துகிறீர்கள். திரை கறுப்பாகவே கிடக்கிறது. மறுபடி அழுத்துகிறீர்கள், நீண்ட நேரம் அழுத்திப் பிடிக்கிறீர்கள். எதுவும் இல்லை. நாளைக் காலையில் கொடுக்க வேண்டிய ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அதற்குள்தான் இருக்கிறது. இந்த நேரத்தில் பலருடைய வாயிலும் முதலில் வருவது "போர்டு போச்சு" என்ற வார்த்தை. அவசரப்பட்டு அந்தத் தீர்ப்பை எழுதிவிட வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த வாரக் கட்டுரை.

சென்ற வாரம் லித்தியம் பேட்டரியின் செல்களைப் பார்த்தோம். இந்த வாரம் சுவரில் இருக்கும் பிளக்கிலிருந்து பிராசசர் வரை மின்சாரம் வரும் வழி முழுவதையும் பார்க்கப் போகிறோம். ஆன் ஆகாத லேப்டாப் எல்லாம் செத்த லேப்டாப் ஆகிவிடாது. வரும் வழியில் ஏதோ ஓரிடத்தில் மின்சாரம் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். அந்த இடத்தைத் தேடாமல் பொருளை மாற்றத் தொடங்கினால், முதலில் சார்ஜர் வாங்குவோம், பிறகு பேட்டரி வாங்குவோம், கடைசியில் பழுது சார்ஜர் சொருகும் ஜாக்கில் இருந்தது என்று தெரியவரும். இடம் தெரிந்த பிறகே காசு செலவழிக்க வேண்டும்.

ஒரே புகார், மூன்று பழுதுகள்

"சார்ஜ் போட்டும் ஆன் ஆகல" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் மூன்று வெவ்வேறு பழுதுகள் ஒளிந்திருக்கலாம்.

முதலாவது, அசைவே இல்லாத நிலை. விளக்கு இல்லை, விசிறி இல்லை, சூடும் இல்லை. இரண்டாவது, லேப்டாப் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, திரையில்தான் படம் வரவில்லை. மூன்றாவது, பேட்டரியில் ஆன் ஆகிறது, சார்ஜரை மாட்டினால் ஆக மறுக்கிறது.

இரண்டாவது வகையைத்தான் முதலில் தனியே பிரித்துவிட வேண்டும். ஏனென்றால் அது மின்சாரப் பிரச்சினையே அல்ல. ஆன் செய்துவிட்டு விசிறி வாயில் காதை வையுங்கள். கேப்ஸ் லாக் விசையை அழுத்தி, அதன் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரிந்து அணைந்தால் பிராசசர் வேலை செய்கிறது என்று பொருள். அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் திரையின் பின்விளக்கு மட்டும் போயிருக்கிறது. எச்.டி.எம்.ஐ. கேபிளில் டி.வி.யை இணைத்துப் பாருங்கள். அங்கே படம் வந்தால் பழுது திரையிலோ திரைக்குப் போகும் கேபிளிலோதான் இருக்கும்.

விளக்கு ஏதாவது ஒரு கணக்கில் விட்டுவிட்டு மின்னினால், எத்தனை முறை, என்ன நிறத்தில் மின்னுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். டெல், எச்.பி. போன்ற நிறுவனங்களின் மாடல்களில் இந்த மின்னலுக்குப் பொருள் உண்டு. ரேம், பயாஸ், போர்டு என்று எது பழுது என்பதை லேப்டாப்பே சொல்லும் வழி அது. அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் அட்டவணை இருக்கும்.

பொத்தான் என்ன செய்கிறது?

வீட்டு ஃபேனின் சுவிட்சைப் போட்டால் மின்சாரம் நேராக ஃபேனுக்குப் போகிறது. லேப்டாப்பின் பவர் பொத்தானும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். அது மின்சாரத்தை இணைப்பதே இல்லை. உள்ளே இருக்கும் ஒரு சின்ன சிப்புக்கு "எழுந்திரு" என்று ஒரு சைகை கொடுக்கிறது. எம்பெடட் கன்ட்ரோலர் என்பது அந்தச் சிப்பின் பெயர். சர்வீஸ் கடைகளில் சுருக்கமாக ஈ.சி. என்பார்கள். லேப்டாப் அணைந்திருக்கும்போதும் அது விழித்தே இருக்கும்.

வழி இதுதான். சுவரிலிருந்து 230 வோல்ட் ஏ.சி. அடாப்டருக்குள் போகிறது. அடாப்டர் அதை 19 அல்லது 19.5 அல்லது 20 வோல்ட் டி.சி.யாக மாற்றுகிறது. அது ஜாக் வழியாகப் போர்டுக்குள் நுழைகிறது. நுழைந்ததும் மாஸ்ஃபெட் எனப்படும் இரண்டு மின்கதவுகள் இருக்கின்றன. சார்ஜிங் ஐ.சி. வந்திருக்கும் வோல்டேஜ் சரிதானா என்று பார்த்துவிட்டுத்தான் அந்தக் கதவுகளைத் திறக்கும். கதவு திறந்ததும் 19 வோல்ட் போர்டின் முதன்மைத் தடத்தில் பரவும். அதிலிருந்து 3.3 வோல்ட்டும் 5 வோல்ட்டும் பிரியும். இவை வந்தால்தான் ஈ.சி. விழிக்கும். ஈ.சி. விழித்திருந்தால்தான் பொத்தானின் சைகை காதில் விழும். அதன் பிறகுதான் ரேமுக்கு ஒன்று, பிராசசருக்குச் சுமார் 1 வோல்ட் என்று வரிசையாக ஒவ்வொன்றும் எழும். முந்தியது எழாவிட்டால் அடுத்தது எழாது.

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் விவசாயி வயலில் நின்றுகொண்டு மண்வெட்டியை மாற்றிப் பயனில்லை. மதகிலிருந்து வாய்க்கால் கரையோடு நடந்து, எந்த இடம் வரை தண்ணீர் நிற்கிறது, எங்கே காய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். லேப்டாப்பிலும் அதே வேலைதான். சுவரிலிருந்து தொடங்குவோம்.

சுவர், பவர் கார்டு, அடாப்டர்

அதே பிளக் பாயின்ட்டில் செல்போன் சார்ஜரை மாட்டிப் பாருங்கள். ஜங்ஷன் பாக்ஸ் வழியாக மாட்டியிருந்தால் அதை விலக்கிவிட்டு நேராகச் சுவரில் மாட்டுங்கள். அடாப்டருக்குள் சொருகும் பவர் கார்டின் முனை காலப்போக்கில் தளர்ந்துவிடும். அதைக் கழற்றி இறுக்கமாக அழுத்திச் சொருகுங்கள். இதிலேயே முடிந்துபோகும் பழுதுகள் உண்டு.

அடுத்தது அடாப்டரின் விளக்கு. பல அடாப்டர்களில் ஒரு சின்ன விளக்கு இருக்கும். அதில் ஒரு முக்கியமான தடயம் இருக்கிறது. லேப்டாப்பில் சொருகாதபோது விளக்கு எரிகிறது, சொருகியதும் அணைந்துவிடுகிறது என்றால் லேப்டாப்புக்குள் எங்கோ ஷார்ட் ஆகியிருக்கலாம் என்பது முதல் சந்தேகம். வெளியே மிக அதிகமாக மின்சாரம் இழுக்கப்படுவதைப் பார்த்து, அடாப்டர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது. அந்த நிலையில் மறுபடி மறுபடி சொருகிப் பார்க்காதீர்கள். சொருகுவதற்கு முன்பே விளக்கு எரியவில்லை என்றால் பழுது அடாப்டரிலோ பவர் கார்டிலோ.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் அதை டி.சி. 20 வோல்ட்டுக்கு மேற்பட்ட அளவில் வைத்து முனையை அளந்து பார்க்கலாம். அடாப்டரின் மேல் அச்சிட்டிருக்கும் வோல்டேஜுக்கு அருகில் காட்ட வேண்டும். டெல், எச்.பி. அடாப்டர் முனையின் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அது மின்சாரம் கொடுக்கும் பின் அல்ல, அடாப்டர் எந்த வகை என்று லேப்டாப்புக்குத் தெரிவிக்கும் பின். அளக்கும்போது மீட்டரின் முனை அந்த ஊசியையும் உள்சுவரையும் ஒன்றாகத் தொட்டுவிட்டால் அடையாளம் சொல்லும் பகுதி எரிந்துபோகலாம். கை உறுதியாக இல்லாவிட்டால் இந்த அளவீட்டைக் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள். அந்த ஊசி வளைந்தாலோ உடைந்தாலோ டெல் கணினிகளில், அடாப்டர் வகையைக் கண்டறிய முடியவில்லை என்ற செய்தி வரும். லேப்டாப் ஓடும், பேட்டரி ஏறாது.

மீட்டரில் 19.5 வோல்ட் காட்டுவதாலேயே அடாப்டர் நல்லது என்று முடிவு கட்டிவிட முடியாது. சுமையில்லாதபோது சரியாகக் காட்டிவிட்டு, லேப்டாப் 3 ஆம்பியர் இழுக்கத் தொடங்கியதும் சரிந்துவிடும் அடாப்டர்கள் உண்டு. 19.5 வோல்ட்டில் 3.34 ஆம்பியர் என்றால் 65 வாட். 4.62 ஆம்பியர் என்றால் 90 வாட். 90 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு 45 வாட் அடாப்டரை மாட்டினால் முனை பொருந்தும், விளக்கு எரியும், வேலை நடக்காது. வாட் அதிகமாக இருந்தால் கெடுதல் இல்லை. வோல்டேஜ்தான் ஒத்துப்போக வேண்டும். மலிவு விலை டூப்ளிகேட் சார்ஜர்களில் அச்சிட்டிருக்கும் ஆம்பியருக்கும் உண்மையில் கிடைக்கும் ஆம்பியருக்கும் தூரம் அதிகம்.

அடாப்டரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் உடைத்துத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் அங்கேயே இருக்கக்கூடும்.

டைப்-சி என்றால் கணக்கு வேறு

யூ.எஸ்.பி. டைப்-சி வழியாகச் சார்ஜ் ஆகும் லேப்டாப்பில் சார்ஜர் எடுத்த எடுப்பில் 20 வோல்ட் தராது. முதலில் 5 வோல்ட் மட்டும் வரும். பிறகு லேப்டாப்பும் சார்ஜரும் கேபிளில் உள்ள ஒரு தனிக் கம்பி வழியாகத் தகவல் பரிமாறிக்கொள்ளும். 5, 9, 15, 20 என்ற படிகளில் எது தேவை என்று லேப்டாப் கேட்கும், சார்ஜர் கொடுக்கும். 2021-ல் வந்த பவர் டெலிவரி 3.1 விதிமுறை இதை 48 வோல்ட், 240 வாட் வரை உயர்த்தியது.

அதனால் இங்கே கேட்க வேண்டிய கேள்விகளும் வேறு. செல்போன் சார்ஜரை மாட்டியிருக்கிறீர்களா? 18 வாட் சார்ஜர் பல லேப்டாப்களை எழுப்பாது. கேபிள் எப்படிப்பட்டது? 20 வோல்ட்டில் 3 ஆம்பியர் போகும் சாதாரண கேபிளில் 60 வாட்தான் கிடைக்கும். அதற்கு மேல் வேண்டும் என்றால் 5 ஆம்பியருக்கான கேபிள் வேண்டும். எந்தத் துளையில் சொருகியிருக்கிறீர்கள்? இரண்டு டைப்-சி துளைகள் இருந்தும் ஒன்று மட்டுமே சார்ஜ் ஏற்கும் மாடல்கள் இருக்கின்றன.

கேபிளுக்கு நடுவே மாட்டும் சின்ன யூ.எஸ்.பி. மீட்டர் இங்கே பெரிய உதவி. "5 வோல்ட்லயே நிக்குது" என்றால் தகவல் பரிமாற்றம் நடக்கவில்லை. கேபிள், சார்ஜர், துளையில் படிந்த தூசி, அல்லது போர்டில் அந்த வேலையைப் பார்க்கும் ஐ.சி. ஆகியவற்றில் ஒன்று காரணம். 20 வோல்ட் வந்துவிட்டது, ஆம்பியர் மட்டும் பூஜ்யம் என்றால் மின்சாரம் வாசல் வரை வந்து, உள்ளே இருக்கும் மாஸ்ஃபெட் கதவில் நிற்கிறது. மீட்டர் காட்டும் அந்த ஓர் எண் பல மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் செல்போன்களுக்கும், 2026 ஏப்ரல் 28 முதல் லேப்டாப்களுக்கும் டைப்-சி சார்ஜிங்கைக் கட்டாயமாக்கியது. எனவே வருங்காலத்தில் நம் மேஜைக்கு வரும் பழுதுகளில் இந்த வகை கூடிக்கொண்டே போகும்.

பவர் ட்ரெயின் ஏன் பலிக்கிறது?

சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியைக் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்வார்கள். சர்வீஸ் கடைகளில் இதற்குப் பவர் ட்ரெயின் என்று பெயர். இது கைராசி வைத்தியம் அல்ல, காரணம் உண்டு. ஈ.சி. எப்போதும் விழித்திருக்கும் சிப் என்று பார்த்தோம். திடீர் மின்வெட்டு, வோல்டேஜ் ஏற்ற இறக்கம், தூக்க நிலையிலேயே பேட்டரி தீர்ந்துபோவது போன்றவற்றால் அது பாதியில் உறைந்து நின்றுவிடலாம். உறைந்த சிப்புக்குப் பொத்தானின் சைகை கேட்காது. கெபாசிட்டர்களில் மிச்சம் மீதி இருக்கும் மின்சாரமும் வடிந்த பிறகுதான் அது முழுதாக அணையும். மறுபடி மின்சாரம் வரும்போது முதலிலிருந்து தொடங்கும்.

செய்முறை எளிது. சார்ஜர், மவுஸ், பென்டிரைவ், எச்.டி.எம்.ஐ. எல்லாவற்றையும் கழற்றுங்கள். பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் எடுங்கள். பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்ட மாடல்களில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பொத்தானை மட்டும் அழுத்திப் பிடிக்கலாம். லெனோவோவின் திங்க்பேட் வரிசையில் பல மாடல்களின் அடிப்பக்கம் இதற்கென்றே ஓர் ஊசித் துளை உண்டு. எல்லாத் துளையும் அந்தத் துளை அல்ல. சில துளைகளுக்குப் பின்னால் மைக் இருக்கும். கையேட்டைப் பார்த்த பிறகே ஊசியை எடுங்கள்.

பேட்டரி தடுக்கிறதா?

பேட்டரி இல்லாமல் ஆன் ஆகி, பேட்டரியை மாட்டினால் ஆகவில்லை என்றால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. பேட்டரிக்குள் ஷார்ட் இருக்கலாம், அல்லது பேட்டரியின் கட்டுப்பாட்டு அட்டை பழுதாகியிருக்கலாம்.

பல மாதம் அலமாரியில் கிடந்த லேப்டாப் என்றால் இன்னொரு சாத்தியம் உண்டு. லித்தியம் செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட்டுக்கு வரும். 2.5 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிட்டால் அதற்கு வேகமாகச் சார்ஜ் ஏற்றுவது ஆபத்து. அதனால் சார்ஜிங் ஐ.சி. மிகச் சிறிய மின்னோட்டத்தை மட்டும் விட்டுப் பார்க்கும். செல் தேறினால்தான் முழு வேகம். இப்படிப்பட்ட லேப்டாப்பைச் சரியான சார்ஜரில் அரை மணி நேரம் தொடாமல் விட்டுவிட்டுப் பிறகு பொத்தானை அழுத்த வேண்டும்.

டச்பேட் மேலே எழும்பியிருக்கிறதா, அடிமூடி பிதுங்கியிருக்கிறதா, லேப்டாப் மேஜையில் வைத்தால் ஆடுகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. அந்த நிமிடமே சார்ஜரைப் பிடுங்குங்கள். அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், நெம்பாதீர்கள். 2006-ல் டெல் நிறுவனம் 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. சோனி தயாரித்த அந்தச் செல்களுக்குள் நுண்ணிய உலோகத் துகள்கள் இருந்து, ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் வாய்ப்பு இருந்ததுதான் காரணம். ஒரு துகள் போதும் என்னும்போது, உப்பிய பேட்டரியோடு விளையாடக் கூடாது.

சார்ஜர் மாட்டினால் மட்டும் ஆன் ஆகவில்லை என்றால்?

மூன்றாவது வகைக்கு வருவோம். சர்வீஸ் கடைகளில் இந்த உரையாடல் அடிக்கடி நடக்கும்.

"அண்ணா, சார்ஜர் போட்டா ஆன் ஆக மாட்டேங்குது. எடுத்துட்டா ஆகுது."

"சார்ஜரைக் கொண்டு வந்தியாம்மா?"

"இல்லண்ணா, லேப்டாப் மட்டும்தான்."

"சார்ஜரோட வாம்மா. அதைப் பாக்காம ஒண்ணும் சொல்ல முடியாது."

அவர் சொல்வது சரி. சார்ஜர் மாட்டியதும் லேப்டாப் பேட்டரியை விட்டுவிட்டு அடாப்டரை நம்பத் தொடங்குகிறது. அடாப்டர் பலவீனமாக இருந்தால், எழும் நேரத்தில் கேட்கும் மின்சாரத்தைக் கொடுக்க முடியாமல் வோல்டேஜ் சரியும். பேட்டரியும் பழசாக இருந்தால் தாங்கிப் பிடிக்க ஆளில்லை. அதனால் லேப்டாப் எழும்போதே விழுந்துவிடுகிறது. அதே வோல்டேஜ், அதே வாட் உள்ள இன்னொரு நல்ல அடாப்டரை மாட்டிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். அதிலும் ஆகவில்லை என்றால் சார்ஜிங் ஐ.சி.யோ மாஸ்ஃபெட்டோ காரணம். அது கடைக்காரரின் வேலை.

ஜாக்கையும் மறக்க வேண்டாம். வயரை அசைத்தால் வருகிறது, விட்டால் போகிறது என்றால் ஜாக்கின் பின் தளர்ந்திருக்கிறது, அல்லது சால்டர் விட்டுப்போயிருக்கிறது. அங்கே மோசமான இணைப்பால் சூடு ஏறும். சூடு ஏறினால் பிளாஸ்டிக் உருகும். நாள் கடத்தக் கூடாத பழுது இது.

மூடியைத் திறந்த பிறகு

மூடியைத் திறக்கத் தெரிந்தவர்கள் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். பிறகு ரேம் கார்டை எடுத்து மறுபடி அழுத்திப் பொருத்திப் பார்க்கலாம். கறையோ பச்சைப் பூப்போ தெரிகிறதா என்று ஜாக்கைச் சுற்றியும் கீபோர்டுக்கு அடியிலும் பாருங்கள். கடலோர ஊர்களில் உப்புக் காற்று செப்பை அரிக்கும். சிந்திய காபியும் டீயும் காய்ந்த பிறகும் அரித்துக்கொண்டே இருக்கும்.

அதற்கு மேல் சிப் லெவல் சர்வீஸ் தெரிந்தவரின் உலகம். போர்டில் நூற்றுக்கணக்கான செராமிக் கெபாசிட்டர்கள் இருக்கின்றன. அரிசி மணியைவிடச் சிறியவை. அவற்றில் ஒன்று விரிசல் விட்டு ஷார்ட் ஆனால் போதும், முழு லேப்டாப்பும் அசையாது. நல்ல டெக்னீஷியன் எந்தத் தடம் ஷார்ட் என்று மீட்டரில் பார்ப்பார். பவர் சப்ளையிலிருந்து 1 வோல்ட் போலக் குறைந்த மின்சாரத்தை அந்தத் தடத்தில் செலுத்துவார். போர்டின் மேல் ஐ.பி.ஏ. எனப்படும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் திரவத்தைத் தடவுவார். ஷார்ட் ஆன கெபாசிட்டர் சூடாகும், அந்த இடத்தில் திரவம் முதலில் ஆவியாகும். தெர்மல் கேமரா இருந்தால் அதில் அந்தப் புள்ளி தனியே தெரியும். அந்த ஒன்றை மாற்றினால் போர்டு எழுந்துவிடும். மொத்தப் போர்டையே மாற்றச் சொல்லும் இடத்தில் இந்தத் தேடலை யாரும் செய்திருக்க மாட்டார்கள். "எந்தத் தடம் ஷார்ட்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் சொல்பவரிடம் லேப்டாப்பைக் கொடுங்கள்.

லேப்டாப் போனாலும் ஃபைல் இருக்கும்

பதற்றத்தில் நாம் மறந்துபோவது இதைத்தான். மின்சாரப் பழுதுகள் பலவற்றில், ஃபைல்கள் சேமிக்கப்பட்டிருக்கும் எஸ்.எஸ்.டி.க்கு ஒன்றும் ஆகியிருக்காது. கழற்றக்கூடிய எஸ்.எஸ்.டி. என்றால் வெளியே எடுத்து, ஒரு யூ.எஸ்.பி. பெட்டிக்குள் போட்டு இன்னொரு கணினியில் படிக்கலாம். போர்டிலேயே பதித்த மாடல்களில் மட்டும் இது முடியாது. விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்பு எண் தேவைப்படும். போர்டை மாற்றினாலும் கேட்கும். பலருக்கும் அந்த எண் அவர்களுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். லேப்டாப் நன்றாக ஓடும் இன்றே அதை எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

நிதானம் யாருக்காக?

தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் லட்சக்கணக்கான அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்களின் வீடுகளுக்கு முதல் கணினி வந்தது. ஒரு வீட்டில் இருக்கும் ஒரே கணினி நின்றுபோனால் அக்காவின் வேலை விண்ணப்பமும் தம்பியின் பாடமும் சேர்ந்து நின்றுபோகின்றன. புதிது வாங்க முடிந்தவருக்கு இது எரிச்சல். முடியாதவருக்கு இழப்பு. "போர்டு போச்சு" என்ற அவசரத் தீர்ப்பின் விலையை அவர்கள்தான் கொடுக்கிறார்கள்.

சட்டமும் மெல்ல இந்தப் பக்கம் திரும்புகிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கான இணைய தளத்தைத் தொடங்கியது. மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022, அடுத்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. தேறாத பேட்டரியையும் போர்டையும் குப்பைத் தொட்டியில் போடாமல் சேகரிப்பு மையத்தில் கொடுப்பது நம் பங்கு.

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். மாடல் எண். கடைசியாக நன்றாக ஓடியது எப்போது, அப்போது என்ன நடந்தது: மின்வெட்டா, இடியா, கீழே விழுந்ததா, தண்ணீர் பட்டதா. சொருகியதும் அடாப்டர் விளக்கு எரிகிறதா, அணைகிறதா. பேட்டரி இல்லாமல் என்ன ஆகிறது. வேறு அடாப்டரில் என்ன ஆகிறது. பவர் ட்ரெயின் செய்தாயிற்றா. அடாப்டரையும் பவர் கார்டையும் லேப்டாப்போடு எடுத்துச் செல்லுங்கள். இந்தத் தாளைப் படித்த டெக்னீஷியன் தேடலைப் பாதி வழியிலிருந்து தொடங்குவார். அதைப் படிக்காமலே விலை சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

அடுத்த வாரம்: கீபோர்டில் தண்ணீர் கொட்டிவிட்டது. முதல் 10 நிமிடத்தில் செய்ய வேண்டியவையும் செய்யக் கூடாதவையும்.